1923-க்கும் பறக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?

“அம்மா, இவர்கள் யாருக்கும் முகமே இல்லை. ஆனாலும் அந்த இளவரசி பயப்படுகிறாள் என்று எனக்குத் தெரிகிறது. எப்படி?”

கோடை விடுமுறையில் ஒரு மதியம் என் மகள் கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. திரையில் பரி பானு என்ற இளவரசி ஏரியில் குளிக்க வந்திருந்தாள். கரையில் கழற்றி வைத்த இறகு ஆடையை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஓடத் தொடங்குகிறாள். கண் இல்லை, வாய் இல்லை, புருவம் இல்லை. கறுப்பு அட்டை ஒன்றின் ஓரம் மட்டும்தான் அவள். இருந்தும் அந்த ஓட்டத்தில் பயம் இருந்தது. அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பதிலைத் தேடிப் போனதில் அந்த விடுமுறை முழுவதும் கரைந்தது. எங்கள் சாப்பாட்டு மேசையும் ஒரு மாதம் சாப்பிடப் பயன்படாமல் போயிற்று.

நாங்கள் பார்த்தது ‘இளவரசன் அகமதுவின் சாகசங்கள்’. ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற பெண் 1923 முதல் 1926 வரை எடுத்த மௌனப் படம். நீளம் ஏறத்தாழ 65 நிமிடம். இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் இதுதான் மிகப் பழையது. இதற்கு முன்பே, 1917-இல், அர்ஜென்டினாவில் குவிரினோ கிறிஸ்தியானி ஒரு முழுநீள அனிமேஷன் படம் எடுத்தார். அதன் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. வால்ட் டிஸ்னியின் முதல் முழுநீளப் படம் வந்தது 1937-இல். அதற்குப் பதினொரு ஆண்டு முன்னதாகவே அகமதுவின் குதிரை பறந்துவிட்டது.

கதை ஆயிரத்தொரு இரவுகளிலிருந்து எடுத்தது. மந்திரவாதி ஒருவன் கலீபாவின் பிறந்தநாளுக்குப் பறக்கும் குதிரையோடு வருகிறான். இளவரசன் அகமது அதில் ஏறுகிறான். மேலே போகத் தெரிகிறது, கீழே இறங்கத் தெரியவில்லை. குதிரை அவனைத் தூக்கிக்கொண்டு மேகங்களுக்குள் போய்விடுகிறது. அந்த இடத்தில் என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நூறு ஆண்டுக்கு முன் கத்தரித்த அட்டைத் துண்டுகள் இன்றைக்கு ஒரு குழந்தையைக் கையைப் பிடிக்க வைக்கின்றன என்றால், அவற்றை அசைத்த விரல்களைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இருக்க என்னால் முடியவில்லை.

முதலில் அந்த விரல்களைத்தான் பார்த்தேன். ரைனிகரின் வேலை முறையைக் காட்டும் ஆவணப்படம் ஒன்று 1970-இல் எடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு எழுபதை ஒட்டிய வயது. அதில் அவர் கத்தரிப்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வலக்கையில் இருக்கும் கத்தரி ஏறக்குறைய ஓரிடத்திலேயே நிற்கிறது. இடக்கையில் இருக்கும் காகிதம்தான் சுழல்கிறது, வளைகிறது, திரும்புகிறது. கத்தரியின் வாய்க்குள் காகிதம் தானாக நடந்து போவது போல இருக்கிறது. பென்சில் கோடு எதுவும் இல்லை. சில நிமிடத்தில் ஓர் உருவம் காகிதத்திலிருந்து கழன்று வருகிறது. சிறுமியாக இருந்தபோதே வீட்டில் நிழல் நாடகம் போட்டவர். யாரும் கற்றுக்கொடுக்காமல் வந்த கை அது.

நானும் மகளும் கறுப்புச் சார்ட் அட்டையில் காகம் ஒன்று வெட்ட முயன்றோம். மூன்று காகங்கள் மூக்கு உடைந்து போயின. நான்காவதில் கத்தரியை நிறுத்திவிட்டு அட்டையைத் திருப்பினோம். அலகின் வளைவு முதல்முறையாக வழுக்கிக்கொண்டு வந்தது. சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு கலைஞரின் பழக்கம் நம் மணிக்கட்டுக்குள் வந்து போகிற அந்த நொடியில், அவர் எந்தக் காலத்தவர் என்பதே மறந்துவிடுகிறது.

ரைனிகர் 1899-இல் பெர்லினில் பிறந்தவர். பதின்வயதில் நடிகரும் இயக்குநருமான பவுல் வேகனரின் உரை ஒன்றைக் கேட்டார். நாடகத்தால் செய்ய முடியாத மாயங்களைத் திரைப்படத்தால் செய்ய முடியும் என்று வேகனர் அதில் பேசினார். அந்தப் பெண்ணுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. வேகனர் இருந்த மாக்ஸ் ரைன்ஹார்ட் நாடகப் பள்ளியில் சேர்ந்தார். மேடை ஓரத்தில் நின்று நடிகர்களின் நிழலுருவங்களைக் கத்தரித்தார். பெரியவர்களின் கண்ணில் பட்டார். வேகனர் தம் மௌனப் படங்களில் காட்சிகளுக்கு இடையே வரும் எழுத்து அட்டைகளை அலங்கரிக்க அவரை அழைத்தார். 1918-இல் ஹாமெலின் நகரத்து எலிபிடிப்பவன் கதையைப் படமாக்கியபோது நடந்த கூத்து ஒன்று உண்டு. குழலூதுபவன் பின்னால் எலிகள் அணிவகுத்துப் போக வேண்டும். உண்மை எலிகளை அவிழ்த்துவிட்டார்கள். அவை நாலாபக்கமும் சிதறி ஓடிவிட்டன. கினிப் பன்றிகளுக்கு வால் ஒட்டிப் பார்த்தார்கள். அவையும் சொன்னபடி நடக்கவில்லை. கடைசியில் மரத்தால் எலிகள் செய்து, ஒவ்வொன்றையும் கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுத்தார்கள். நகர்த்திய கைகளில் ரைனிகரின் கைகளும் இருந்தன. அவருடைய அனிமேஷன் வாழ்க்கைக்கு முதல் படி, அடங்காத எலிகள் போட்டுக்கொடுத்ததுதான்.

அடுத்த ஆண்டே அவருடைய முதல் குறும்படம் வந்தது. 1921-இல், உடன் வேலை செய்த கார்ல் கோக்கை மணந்தார். இனி வரும் எல்லாவற்றிலும் கேமராவுக்குப் பின்னால் கோக் இருக்கிறார்.

பிறகு 1923. அந்த ஆண்டை விளக்காமல் இந்தப் படத்தை விளக்க முடியாது. ஜெர்மனியில் பணம் செத்துக்கொண்டிருந்தது. அந்த நவம்பரில் ஓர் அமெரிக்க டாலரின் விலை 4.2 லட்சம் கோடி மார்க். காலையில் வாங்கிய சம்பளத்தை மாலைக்குள் ரொட்டியாக மாற்றாவிட்டால் அது வெறும் காகிதம். கையில் பணம் இருந்தவர்கள் அதை எந்தப் பொருளாகவாவது மாற்றி வைக்கப் பரிதவித்தார்கள். பெர்லினில் வங்கி நடத்திய லூயிஸ் ஹாகன் என்பவர் மாற்றி வைத்த பொருள்களில் ஒன்று, படம்பிடிக்காத பிலிம் சுருள்கள். நிறைய வாங்கி அடுக்கிவிட்டார். பிறகு, ரைனிகரின் குறும்பட வேலையைப் பார்த்திருந்த அவர், இந்தச் சுருள்களை வைத்து ஒரு முழுநீளப் படம் எடுக்க முடியுமா என்று கேட்டார்.

அனிமேஷன் என்றால் அன்று சில நிமிடச் சிரிப்புப் படம். பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் உட்கார மாட்டார்கள் என்பது தொழிலில் இருந்த எல்லாருடைய முடிவு. திரைத்துறையில் யாரிடம் சொன்னாலும் திகைத்தார்கள். ரைனிகருக்கு அப்போது 24 வயது. ஒப்புக்கொண்டார்.

நான் இந்த இடத்தில் பலமுறை நின்றிருக்கிறேன். இந்தப் படம் பிறக்கக் காரணம் கலை ஆர்வம் மட்டுமாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது. ஒரு நாட்டின் பணம் மதிப்பிழந்ததால் ஒரு வங்கியாளர் பிலிம் வாங்கினார். பிலிம் இருந்ததால் குதிரை பறந்தது. அழகான விஷயங்களின் வேர் எந்த மண்ணில் இறங்கியிருக்கும் என்று நம்மால் சொல்லவே முடியாது.

ஹாகனின் வீடு பெர்லினை ஒட்டிய போட்ஸ்டாமில் இருந்தது. வீட்டருகே கார் நிறுத்தும் கொட்டகை. அதன் மேல்தளத்தில் ஸ்டூடியோ. கூரை தாழ்வு. நிழலுருவங்களைப் படுக்கை வசமாக ஒரு கண்ணாடியின் மேல் வைத்து, கீழிருந்து விளக்கேற்றி, மேலிருந்து கேமராவால் குனிந்து பார்த்துப் படமெடுக்க வேண்டும். கேமராவுக்கும் கண்ணாடிக்கும் போதிய இடைவெளி வேண்டும். கூரையை உயர்த்த முடியாது. ஆகவே கண்ணாடியைத் தாழ்த்தினார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் கை எட்டாத அளவு தாழ்வு. கழற்றிப் போட்ட பழைய கார் ஒன்றின் இருக்கையைக் கொண்டுவந்து போட்டு, அதில் மண்டியிட்டுத்தான் ரைனிகர் வேலை செய்தார். மூன்று ஆண்டு. இதைப் படித்த பிறகு படத்தில் வரும் அரண்மனைகளையும் மேகங்களையும் பார்க்கும்போது எனக்கு அந்த முழங்கால்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

எங்கள் வீட்டு ஸ்டூடியோவின் கதை எளியது. பழைய புகைப்படச் சட்டத்திலிருந்து எடுத்த கண்ணாடியை இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்களுக்கு இடையே வைத்தோம். கீழே மேசை விளக்கு. கண்ணாடியின் மேல் வெளிச்சம் பரவ ஒரு பட்டர் பேப்பர். மேசைமேல் அடுக்கிய பாடப் புத்தகங்களின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்க்கும்படி ஒட்டிவைத்த செல்பேசி. காகத்தின் இறக்கைகளையும் கழுத்தையும் தனித்தனியாக வெட்டி நூலால் முடிச்சிட்டுக் கோத்தோம். முதல் நாள் எடுத்த படங்களைப் பார்த்தபோது காகத்தின் உடல் கருக்காகத் தெரிந்தது. இறக்கை மட்டும் கலங்கலாக இருந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு மாலை ஆயிற்று. நூல் முடிச்சு இறக்கையைக் கண்ணாடியிலிருந்து ஒரு நெல்மணி அளவு தூக்கியிருந்தது. அவ்வளவு உயரம் போதும், வெளிச்சம் அடியில் நுழைந்து ஓரத்தைக் கரைத்துவிடும்.

ரைனிகரின் பொம்மைகளில் கறுப்பு அட்டையோடு மெல்லிய ஈயத் தகடும் ஏன் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஈயம் கனமானது, மெத்தென்றது. தட்டினால் தட்டையாகப் படியும். தொட்டு விட்டால் விட்ட இடத்தில் கிடக்கும். மூச்சுக் காற்றுக்கு நகராது. ஒவ்வொரு உறுப்பையும் தனியாக வெட்டி மெல்லிய கம்பியால் கோத்து, முழு உருவத்தையும் உருளையால் அழுத்தித் தட்டையாக்கிய பிறகுதான் அது கண்ணாடிக்கு வரும். நாங்கள் நூலை எறிந்துவிட்டு, பழைய மோட்டார் ஒன்றிலிருந்து பிரித்த செம்புக் கம்பியைப் போட்டு, சப்பாத்திக் கட்டையால் காகத்தை உருட்டினோம். இறக்கை தெளிந்தது.

அருகில் காட்டும் காட்சிகளுக்கு அதே பாத்திரத்தைப் பெரிதாக இன்னொரு முறை வெட்ட வேண்டும். கேமராவை நெருக்கினால் சின்ன பொம்மையின் கத்தரி வெட்டுகள் பிசிறாகத் தெரியும். ஆகவே ஓர் அகமது அல்ல, பல அகமதுகள். பெரிய அகமதுவுக்கு விரல்கள்கூடத் தனித்தனியாக அசையும்.

எண்ணிக்கையைச் சொல்கிறேன். வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். மொத்தம் எடுத்தது ஏறத்தாழ 2,50,000 ஃபிரேம். படத்தில் நின்றது ஏறத்தாழ 96,000. மூன்று ஆண்டுக்கு விடுமுறையே இல்லாமல் வகுத்துப் பார்த்தேன். நாளொன்றுக்கு எடுத்தது ஒன்பதரை வினாடிப் படம். அதில் கடைசிவரை பிழைத்தது மூன்றரை வினாடி. ஒரு கொட்டாவியின் நேரம்.

இந்த மூன்றரை வினாடிக்காக அந்த மேல்தளத்தில் ஓர் அணியே கூடியிருந்தது. திட்டத்தையும் கேமராவையும் கோக் பார்த்துக்கொண்டார். உதவியாளர்களாக வால்டர் ட்யூர்க், அலெக்சாண்டர் கார்டன். கலைஞர்களாக இருவர்: வால்டர் ருட்மான், பெர்தோல்ட் பார்டோஷ். இந்த இருவரைப் பற்றிப் போதிய அளவு பேசப்படுவதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. ரைனிகரின் பெயர் மேலே இருப்பது நியாயம்தான். உருவங்கள் எல்லாம் அவர் கைகள் அசைத்தவை. ஆனால் அந்த உருவங்கள் உலவும் காற்றும் நெருப்பும் நீரும் மற்றவர்களுடையவை.

பார்டோஷ் கடலைச் செய்தார். புயலில் பொங்கும் அலைகளை ஒளி ஊடுருவும் தாள்களை அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் வெவ்வேறு அளவில் நகர்த்தி உண்டாக்கினார். முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி, இடையில் வெளிச்சம். ஆழம் என்ற மாயையை இப்படிக் கண்ணாடி அடுக்குகளால் கொண்டுவரும் முறையை டிஸ்னி ஸ்டூடியோ 1937-இல் மிகப் பெரிய எந்திரமாக்கி உலகப் புகழ் பெற்றது. போட்ஸ்டாம் கொட்டகையில் அது மரச் சட்டமும் கண்ணாடித் தகடுகளுமாக ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தது.

ருட்மான் வேறு மாதிரி மனிதர். ஓவியர். உருவமே இல்லாமல் வெறும் வடிவங்கள் பாய்ந்து சுருங்கி விரியும் படத்தை 1921-இலேயே எடுத்துக் காட்டியவர். அவரிடம் ரைனிகர் மாயங்களை ஒப்படைத்தார்: மந்திரவாதியின் கைகளிலிருந்து எழும் ஒளி, எரிமலையின் நெருப்பு, நல்ல ஆவிகளும் கெட்ட ஆவிகளும் மோதும் போர். இதற்கு ருட்மான் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று என்னை வியப்பில் ஆழ்த்தியது. ஆஸ்கர் ஃபிஷிங்கர் என்ற இளைஞர் கண்டுபிடித்த மெழுகு சீவும் எந்திரம். வெவ்வேறு நிற மெழுகை ஒரு கட்டியாகப் பிசைந்து எந்திரத்தில் வைத்தால், கத்தி ஒரு மெல்லிய சீவலைச் சீவும். கேமரா வெட்டுப்பரப்பை ஒரு படம் எடுக்கும். மறுபடி சீவும், மறுபடி எடுக்கும். முட்டைக்கோஸை மெல்லியதாகச் சீவிக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் கோலம் ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுமே, அதேதான். அந்த வெட்டுகளைத் தொடர்ச்சியாக ஓட்டினால் புகை சுருள்வது போலவும் பிழம்பு நெளிவது போலவும் தெரிகிறது. எந்தக் கையும் அப்படி வரைய முடியாது.

இந்த ருட்மான்தான் ஒருநாள் ரைனிகரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். இதற்கும் 1923-க்கும் என்ன சம்பந்தம்?

நியாயமான கேள்வி. தெருவில் பசி. பெர்லினில் கலவரம். கலைஞர்கள் எல்லாரும் தம் காலத்தைப் பேச வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த நாட்கள். அப்போது இங்கே ஒரு பெண், பறக்கும் குதிரைக்கும் இறகு ஆடைக்கும் மண்டியிட்டுக்கொண்டிருக்கிறாள். ரைனிகர் இதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் ருட்மானுக்குச் சொன்ன பதிலின் சாரம் இவ்வளவுதான்: சம்பந்தம் ஒன்றும் இல்லை, நான் இப்போது உயிரோடு இருக்கிறேன், வாய்ப்புக் கிடைத்திருக்கிறது, செய்ய விரும்புகிறேன்.

முதலில் இதை ஒரு குழந்தைத்தனமான பதிலாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிறகு இருவரின் வாழ்க்கையையும் படித்தேன். ருட்மான் 1927-இல் பெர்லின் நகரத்தின் ஒரு நாளைப் படமாக்கிப் பெரும் புகழ் பெற்றார். அது உண்மையிலேயே மகத்தான படம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு அவர் ஜெர்மனியிலேயே இருந்து அரசின் பிரசாரப் படங்களை எடுத்தார்; 1941-இல் இறந்தார். ரைனிகரும் கோக்கும் 1930-களின் நடுவில் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். எந்த நாடும் நிரந்தர விசா தராததால் நாடு நாடாக அலைந்தார்கள். காலத்தோடு சம்பந்தம் வேண்டும் என்றவர் காலத்தோடு போய்விட்டார். இதனால் ருட்மானின் கேள்வி தவறாகிவிடாது. அந்த மெழுகு நெருப்பைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவர் எவ்வளவு பெரிய கலைஞர் என்று நினைத்து மனம் கனக்கிறது.

இசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மௌனப் படம் என்றாலும் அரங்கில் இசைக்குழு இருக்கும். வோல்ஃப்காங் செல்லர் இந்தப் படத்துக்கென்றே இசையமைத்தார். ஊர்வலக் காட்சி போன்ற இடங்களில் இசை முதலில் பிறந்தது. அணிவகுப்பின் தாளத்தை அளந்து, அதற்கேற்ப உருவங்களை அடி அடியாக நடக்கவைத்தார்கள். இசைக்குழுவை நடத்துபவர் திரையோடு ஒத்துப்போக, இசைத்தாளிலேயே காட்சிகளின் சின்னச் சின்னப் படங்களைப் பதித்துக் கொடுத்தார்கள். இந்தப் படம் வந்தால் இந்தச் சுரம். எவ்வளவு எளிமையான வழி!

1926 மே 2, ஞாயிற்றுக்கிழமை. படத்தைத் திரையிட எந்தத் திரையரங்கும் முன்வராததால், பெர்லினில் ஃபோல்க்ஸ்பியூனே நாடக அரங்கை ஒரு காலைக்காட்சிக்குப் பிடித்தார்கள். யாரை அழைப்பது என்று பட்டியல் போட உதவியவர்களில் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெஹ்ட் ஒருவர். பத்திரிகைக்காரர்களும் கலைஞர்களும் வந்து அரங்கு நிறைந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் படம்காட்டும் கருவியின் லென்ஸ் உடைந்திருப்பதைக் கோக் கண்டார். மூன்று ஆண்டு வேலை, நிறைந்த அரங்கு, விடுமுறை நாள், உடைந்த லென்ஸ். அவர் ஊஃபா படநிறுவனத்துக்கு ஓடி வேறொரு லென்ஸோடு திரும்பினார். படம் ஓடியது. கைதட்டல் காட்சிக்குக் காட்சி எழுந்தது. அதே ஆண்டு பாரிஸில் திரையிட இயக்குநர் ழான் ரெனுவார் உதவினார். அந்த நட்பு வாழ்நாள் முழுக்க நீடித்தது.

படத்தின் எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. மந்திரவாதியை ஆப்பிரிக்கன் என்று சொல்லி அவன் உருவத்தைக் கோரமாக வளைத்திருக்கும் விதமும், சீனப் பேரரசனைக் கேலிச்சித்திரமாக்கியிருக்கும் விதமும் அந்தக் காலத்து ஐரோப்பியப் பார்வையின் குறைகள். மகளோடு பார்க்கும்போது அந்த இடங்களில் படத்தை நிறுத்திப் பேசினேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, “ஆனால் அந்தக் கிழவி நல்லவள்” என்றாள். நெருப்பு மலையின் சூனியக்காரியைச் சொல்கிறாள். இளவரசனுக்கு உதவி செய்பவள் அவள்தான். மந்திரவாதியோடு அவள் மோதும் காட்சி இந்தப் படத்தின் உச்சம். ஒருவர் சிங்கமானால் மற்றவர் பாம்பு. ஒருவர் தேளானால் மற்றவர் சேவல். ஓர் உருவம் உருகி இன்னொன்றாகும் அந்தத் தருணங்களில் வெட்டு எங்கே இருக்கிறது என்று ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்தும் என் கண்ணுக்கு எளிதில் பிடிபடவில்லை.

சிறுவயதில் நாகர்கோவில் பக்கம் ஒரு திருவிழாவில் தோல்பாவைக் கூத்துப் பார்த்திருக்கிறேன். திரைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்க்க அண்ணன் அழைத்துப் போனார். ஒரே மனிதர் பாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் காலால் பலகையைத் தட்டிக்கொண்டும் இராமனையும் இராவணனையும் ஆட்டிக்கொண்டிருந்தார். நம் பாவைகள் ஆட்டுத்தோலில் செய்தவை. விளக்கு வெளிச்சம் அவற்றின் ஊடாகவே வரும். சிவப்பும் பச்சையும் ஒளிரும். கண்ணும் மீசையும் அணிகளும் தெரியும். ரைனிகரின் உருவங்களுக்குள் வெளிச்சம் போகாது. வண்ணம் முழுவதும் பின்புலத்தில்தான், பிலிமையே நீலத்திலும் மஞ்சளிலும் சிவப்பிலும் தோய்த்தெடுத்த வண்ணம். இரண்டும் நிழல்தான் என்றாலும் இரண்டும் வேறு மொழிகள். நம் கூத்தில் குரல் முகத்தைத் தாங்குகிறது. இங்கே குரலும் இல்லை, முகமும் இல்லை.

படத்தின் மூல நெகட்டிவ் 1945-இல் பெர்லினில் நடந்த போரில் அழிந்தது. பிரிட்டனில் காப்பகத்தில் இருந்த பிரதியைக் கொண்டு 1990-களின் இறுதியில் படத்தை மீட்டெடுத்து, வண்ணத் தோய்ப்புகளையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். நாமெல்லாம் இன்று பார்ப்பது அதைத்தான்.

கொட்டகையைப் பற்றி இன்னொன்று. வங்கியாளர் ஹாகனின் மகன், அவன் பெயரும் லூயிஸ், படம் தொடங்கியபோது ஏழு வயதுச் சிறுவன். அவன் வீட்டுக் கொட்டகையின் மேல்தான் அத்தனையும் நடந்தது. யூதக் குடும்பம். 1934-இல் ஓர் அஞ்சலட்டையில் நாஜிகளைக் கிண்டல் செய்து எழுதியதற்காக அந்த இளைஞனை வதைமுகாமில் அடைத்தார்கள். விடுதலையாகி, பிரிட்டன் போய், பிரிட்டிஷ் படையில் சேர்ந்து நெதர்லாந்தின் ஆர்ன்ஹெமில் போரிட்டார். போர் முடிந்து லண்டனில் 1953-இல் பிரிம்ரோஸ் புரொடக்‌ஷன்ஸ் என்ற படநிறுவனத்தை நிறுவினார். அதற்காகக் குழந்தைக் கதைகளை நிழலுருவப் படங்களாக எடுத்துக் கொடுத்தவர், 1949-இல் லண்டனில் குடியேறியிருந்த லோட்டே ரைனிகர். அவற்றில் ஒன்றான துணிச்சல்கார தையல்காரனின் கதை 1955-இல் வெனிஸ் விழாவில் பரிசு பெற்றது. தந்தை பிலிம் கொடுத்தார். கொட்டகையில் ஓடியாடிய மகன் முப்பது ஆண்டு கழித்து அதே கைகளுக்கு மறுபடி வேலை கொடுத்தார். இந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் காகத்துக்கு வருகிறேன். வினாடிக்கு 12 படம் என்ற கணக்கில் 120 படம் எடுத்து, பத்து வினாடிப் படம் ஒன்று முடித்தோம். காகம் சுவரில் உட்கார்ந்திருக்கிறது, ஒரு கை வருகிறது, காகம் பறக்கிறது. மின்னழுத்தம் ஏறி இறங்கியதால் வெளிச்சம் இரண்டு இடத்தில் துள்ளுகிறது. ஓரிடத்தில் என் கட்டைவிரல் தெரிகிறது. முதல் தடவை ஓட்டிப் பார்த்த மகளுக்குத் திருப்தி இல்லை. “காகம் பயப்படவே இல்லை அம்மா. கை வருவதற்கு முன்பே கிளம்பத் தயாராக இருக்கிறது” என்றாள்.

மறுநாள் அவளே கண்ணாடிக்கு முன் மண்டியிட்டாள். எங்கள் ஸ்டூல்களும் தாழ்வுதான். கை உள்ளே வந்ததும் காகத்தின் கழுத்தை ஓர் இழை மட்டும் பின்னால் இழுத்தாள். பிறகு அதைத் தொடவே இல்லை. தொடாமல் ஐந்து படம் எடுத்தாள். ஆறாவதில் இறக்கையை விரித்தாள்.